சந்தைக்குப் போன மாடு, அகழியைச் சுற்றிய யானை, சாக்கில் போன பூனை

தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "அண்ணா, வீட்டில் பூனைத் தொல்லை தாங்காமல் சாக்கில் கட்டி, பைக்கில் மூன்று மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் தூரமாகக் கொண்டுபோய் விடலாமா? மேய்ச்சலுக்கு விட்ட மாடு பொழுது சாய்ந்தால் தானாகக் கொட்டகைக்கு வருகிறது. ராகி கதிர் பிடிக்கிற சமயத்தில் யானை வருஷம் தவறாமல் வருகிறது. போன வருஷம் வந்த பக்கம் அகழி வெட்டினால் இந்த வருஷம் சுற்றிக்கொண்டு வருகிறது. இதுகளுக்கெல்லாம் மண்டைக்குள் மேப் இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் வந்து சேர்ந்தது ஒரே வித்தையால் இல்லை. மாடு செய்தது வேறாக இருக்கலாம், யானை செய்தது நிச்சயம் வேறு, பூனை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் புத்தகம் இந்தப் பாடத்தை எலியிலிருந்து தொடங்கும். நான் எங்கள் தாத்தாவின் வண்டி மாட்டிலிருந்து தொடங்குவேன்.

தாத்தா ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு வண்டி கட்டிப் போவார். புளி, கடலைக்காய், மாங்காய் என்று பருவத்துக்கு எது இருக்கிறதோ அது. திரும்பும்போது இருட்டிவிடும். கயிற்றைச் சும்மா கையில் சுற்றிக்கொண்டு வைக்கோல் மேல் படுத்துவிடுவார். மாடுகள் வாசலில் வந்து நின்று, வண்டி ஆட்டம் அடங்கினால்தான் கண் விழிப்பார். அந்த ஜோடிக்கு ஊரில் பெரிய பேர். அப்புறம் வீட்டில் பாகம் பிரிந்தது. ஊருக்குள் இருந்த வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு, தாத்தா காட்டில் கொட்டாய் போட்டுக் குடி வந்தார். மாடுகளுக்கும் அங்கேயே தீனி, அங்கேயே தண்ணீர். இரண்டு வாரத்தில் பழகிவிட்டன. பகலில் எந்தப் பக்கம் மேய விட்டாலும் சாயங்காலம் நேராகக் கொட்டாய்க்கு வந்தன. ஆனால் அதற்கு அடுத்த சந்தை நாளில் தாத்தா வழக்கம்போல் தூங்க, மாடுகள் வழக்கம்போல் நடந்து, நடுராத்திரியில் ஊருக்குள் பழைய வீட்டு வாசலில் நின்றன. சின்னத் தாத்தா லாந்தரோடு வெளியே வந்து, "அண்ணா, பாகத்தைத் திருப்பிக் கேட்க வந்தியா?" என்று எழுப்பினாராம்.

இந்தக் கதையில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. அந்த மாடுகளுக்குக் கொட்டாய் எங்கே இருக்கிறது என்று தெரியும். பகலில் தெரிந்தது. நுகத்தடி கழுத்தில் ஏறி, சந்தைச் சாலையில் கால் பட்டதும்தான் தெரியாமல் போனது. இடம் தெரிவதும் வழி பழகுவதும் மூளையில் இரண்டு தனிக் கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. மாட்டின் மூளையைத் திறந்து பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. எலியில் பார்த்திருக்கிறார்கள்.

1996இல் மார்க் பக்கார்டும் ஜேம்ஸ் மெக்காவும் அமெரிக்காவில் செய்த சோதனை அது. கூட்டல் குறி போல நான்கு கை உள்ள ஒரு பாதை. எலியைத் தெற்குக் கையில் விடுவார்கள், மேற்குக் கையில் தீனி இருக்கும். எலி நடுவில் வந்து இடப்பக்கம் திரும்பினால் தீனி. சில நாளில் பழகிவிடும். எட்டாம் நாள் எலியை எதிர்ப்பக்கம், அதாவது வடக்குக் கையில் விட்டுப் பார்த்தார்கள். இடம் தெரிந்த எலி என்றால் இப்போது வலப்பக்கம் திரும்பி மேற்குக்கே போக வேண்டும். வழி மட்டும் பழகிய எலி என்றால் வழக்கம்போல் இடப்பக்கம் திரும்பிக் கிழக்கே போய் ஏமாறும். எட்டாம் நாளில் பெரும்பாலான எலிகள் மேற்குக்கே போயின. பயிற்சியைத் தொடர்ந்து கொடுத்துப் பதினாறாம் நாள் மறுபடி இதே சோதனை வைத்தால், பெரும்பாலானவை இடப்பக்கம் திரும்பி ஏமாந்தன. அதிகம் பழகப் பழக எலி தாத்தாவின் மாடாகிவிட்டது.

அதற்கு மேல் அவர்கள் செய்ததுதான் அழகு. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி, காதுக்கு உள்பக்கம் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். மனிதனில் அதன் வடிவம் கடல்குதிரை மாதிரி இருப்பதால் அந்தப் பேர். காடேட் என்று இன்னொரு பகுதி, பழக்கங்கள் படிந்து கிடக்கும் இடம். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அந்த மரத்துப்போகும் மருந்தைத் துளியளவு ஹிப்போகேம்பஸில் எட்டாம் நாள் செலுத்தினால் எலிக்கு இடம் தெரியவில்லை. பதினாறாம் நாள் காடேட்டில் செலுத்தினால், பழக்கம் மயங்கிப் போய், எலி மறுபடி சரியாக மேற்குக்குப் போனது! அதாவது மேப் அழியவே இல்லை. பழக்கம் முந்திக்கொண்டதால் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. சந்தைச் சாலையில் வந்த மாடுகளுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

மேப் என்ற பேச்சையே முதலில் எடுத்தவர் கலிபோர்னியாவின் எட்வர்ட் டோல்மன். எலிக்குள் பாதைகளைப் பற்றிய ஒரு வரைபடம் உருவாகிறது என்று 1948இல் எழுதினார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவரும் கூட்டாளிகளும் எலியைச் சுற்றுப்பாதையில் தீனிக்குப் பழக்கி, பிறகு அந்தப் பாதையை அடைத்து, சூரியக் கதிர் மாதிரி விரியும் 18 புதுப் பாதைகளைக் கொடுத்தார்கள். மற்ற எதையும்விட அதிகமான எலிகள் எடுத்தது தீனி இருந்த திசைக்கு நேராகப் போகும் பாதையை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தீனி இருந்த பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எலி மேப்பைப் பார்த்துப் போனதா, விளக்கைப் பார்த்துப் போனதா? டோல்மன் காலத்தில் அவர் பேச்சைப் பலர் ஏற்காததற்கு இப்படிப்பட்ட ஓட்டைகளும் ஒரு காரணம்.

ஓட்டையை அடைத்தவர் லண்டனில் வேலை பார்த்த ஜான் ஓகீஃப். 1971இல் அவரும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும், முடியைவிட மெல்லிய கம்பியை எலியின் ஹிப்போகேம்பஸில் பதித்து, எலி தன் பாட்டுக்கு நடமாடும்போதே ஒவ்வொரு நரம்புச் செல்லின் துடிப்பையும் கேட்டார்கள். ஒரு செல் நீண்ட நேரம் சும்மா கிடக்கும். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனதும் படபடவென்று துடிக்கும். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அடங்கிவிடும். பக்கத்துச் செல்லுக்கு வேறு ஓர் இடம். இவற்றுக்கு இடச் செல்கள் என்று பேர் வைப்போம். உங்கள் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று மேட்டுக்கு ஒரு செல், புளியமரத்தடிக்கு ஒன்று, வரப்பு திரும்பும் இடத்துக்கு ஒன்று. நீங்கள் நடக்க நடக்க ஒன்று அணைந்து இன்னொன்று எரியும். தீபாவளி சீரியல் விளக்கு மாதிரி. ஓர் இடத்துக்கு ஒரே ஒரு செல்தான் என்றும் நினைக்க வேண்டாம். பல செல்கள் சேர்ந்துதான் ஓர் இடத்தைச் சொல்லும். அதே செல் வேறு ஊரில் வேறு ஓர் இடத்துக்கும் பயன்படும்.

இதெல்லாம் கண்ணால் பார்ப்பதால் வரும் துடிப்புதானே என்று கேட்கலாம். ஓகீஃப்பையும் அப்படித்தான் கேட்டார்கள். விளக்கை அணைத்தாலும் இடச் செல்கள் தங்கள் இடத்தில் துடிக்கின்றன. அதே சமயம் கண்ணுக்கும் பங்கு உண்டு. வட்டமான அறையின் சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி எலியைப் பழக்கி, அது இல்லாத நேரத்தில் அட்டையைக் கால் வட்டம் நகர்த்தி ஒட்டினால், எல்லா இடச் செல்களின் இடங்களும் கால் வட்டம் நகர்ந்துவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எலி எந்தத் தப்பும் செய்யவில்லை. அதன் உலகத்தை யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள்.

பூனையைப் பற்றிய பதில் அடுத்த செல்லில்தான் இருக்கிறது. 1980களில் நியூயார்க்கில் ஜேம்ஸ் ராங்க் கண்டவை திசைச் செல்கள். எலி எந்த இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தலை ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்த்தால் அந்தச் செல் துடிக்கும். ஒன்றுக்கு அஞ்செட்டி பக்கம், ஒன்றுக்குத் தளி பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் காந்தம் வைத்து இது ஓடுவதில்லை. உள்காதில் தலைச்சுற்றலை உணர்கிற உறுப்பு இருக்கிறது அல்லவா, ராட்டினத்தில் சுற்றினால் கலங்குகிறதே, அதுதான் இந்தச் செல்களுக்குத் தலை எவ்வளவு திரும்பியது என்று கணக்குச் சொல்கிறது. எலியில் அந்த உறுப்பைச் செயலிழக்கச் செய்தால் திசைச் செல்கள் திசையை இழந்துவிடுகின்றன.

சாக்கில் கட்டிக் கண்ணை மறைத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். காதுக்குள் இருக்கும் இதை நாம் மறைப்பதில்லை. ஜெர்மனியில் மிட்டெல்ஸ்டாட் தம்பதியர் 1980இல் செய்த ஒரு சோதனை. ஜெர்பில் என்கிற பாலைவன எலியின் குட்டியைக் கூட்டிலிருந்து எடுத்து ஒரு வட்ட மேடையின் நடுவில் வைத்தார்கள், இருட்டில். தாய் தேடிக்கொண்டு போய்க் குட்டியைக் கவ்விக்கொண்டு நேராகக் கூட்டுக்குத் திரும்பும். குட்டியருகே தாய் நிற்கும்போது அந்த இடத்தைச் சட்டென்று சுழற்றினால், தாய் அதை உணர்ந்து, அந்தச் சுழற்சியைக் கழித்துக்கொண்டு சரியாகக் கூட்டுக்குப் போனது. மிக மெதுவாக, உள்காது உணராத வேகத்தில் சுழற்றினால், எவ்வளவு சுழற்றினார்களோ அவ்வளவு தப்பான திசையில் போனது. உங்கள் பைக் மெதுவாகச் சுழலவில்லை. ஒவ்வொரு வளைவும் பூனைக்குத் தெரிந்திருக்கும். மூன்று மைல் தூரத்துக்கு அந்தக் கணக்குப் பிசகாமல் தாங்குமா என்றால், தாங்காது என்றே நினைக்கிறேன். மிச்சத்தை மூக்கும் காதும் பார்த்திருக்க வேண்டும்.

தன் அசைவை வைத்தே தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடுவதை நடைக் கணக்கு என்று சொல்லலாம். இதில் கில்லாடி, துனீசியாவின் உப்புப் பாலைவனத்தில் வாழும் எறும்பு. அடையாளமே இல்லாத வெட்டவெளியில் நூறு மீட்டருக்கும் மேல் வளைந்து நெளிந்து இரை தேடும். கிடைத்ததும் புற்றுக்கு ஒரே நேர்கோட்டில் ஓடிவரும். திசையை வானத்து ஒளியிலிருந்து எடுக்கிறது. தூரத்தை? 2006இல் விட்லிங்கர், வேனர், வுல்ஃப் மூவரும் அதைக் கண்டுபிடித்த விதம் ஏதோ குறும்புக்காரப் பையன் செய்தது போல இருக்கும். புற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளித் தீனி வைத்து எறும்புகளைப் பழக்கினார்கள். தீனி எடுத்த இடத்தில் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். சிலவற்றின் கால்களை நறுக்கிக் குட்டையாக்கினார்கள். திரும்பும்போது பொய்க்கால் எறும்பு, புற்று இருக்க வேண்டிய 10 மீட்டரைத் தாண்டி 15 மீட்டர் வரை போய் அங்கே தேடியது. குட்டைக்கால் எறும்பு ஆறு மீட்டர்கூடப் போகாமல் நின்று தேடியது. எறும்பு எண்ணியது அடிகளை. அடியின் நீளம் மாறியது அதற்குத் தெரியாது. அதே பொய்க்காலோடு புற்றிலிருந்தே கிளம்பிப் போய் வந்தால் கணக்குச் சரியாகிவிட்டது.

எறும்புக்கு ஹிப்போகேம்பஸ் கிடையாது. பூச்சிகளின் மூளை நடுவில் வேறொரு அமைப்பு இருக்கிறது. பழ ஈயில் அது வளையல் மாதிரி வட்டமாகவே இருக்கும். 2015இல் ஜோஹனஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் நடந்துகொண்டிருக்கும் ஈயின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த வளையத்தில் ஓர் இடம் மட்டும் ஒளிர்ந்தது. ஈ திரும்பினால் ஒளியும் வளையத்தில் சுற்றியது. இருட்டிலும் சுற்றியது. எலியின் திசைச் செல்களைப் படத்தில் விளக்க ஆசிரியர்கள் பல வருஷமாகக் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு அதில் ஒரு புள்ளியை நகர்த்திக் காட்டுவோம். ஈக்குள் அந்த வட்டமே வரைந்தபடி கிடந்தது. நான் அந்தக் கட்டுரையைப் படித்த அன்று ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பு எடுக்கத் தோன்றியது.

எலிக்குத் தூரத்தை அளக்க உதவுவது எது? இதற்கு விடை நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரிலிருந்து 2005இல் வந்தது. மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அவர்கள் மாணவர்களும் ஹிப்போகேம்பஸுக்கு வாசல்படி போல இருக்கும் என்டோரைனல் புறணியில் கம்பி வைத்தார்கள். அங்கே இருந்த செல் ஓர் இடத்தில் துடிக்கவில்லை, பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைத் தாளில் குறித்தால் ஊடுபுள்ளிக் கோலம். ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி விழுமே, அது. எந்தப் புள்ளியை எடுத்தாலும் சுற்றி ஆறு புள்ளி, சம தூரத்தில். முக்கோண முறையில் நட்ட மாந்தோப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாக நினையுங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் அந்தச் செல் துடிக்கும். ஆனால் எலி ஓடிய பெட்டியில் மரமும் இல்லை, புள்ளியும் இல்லை. வெறும் தரை. கோலத்தை மூளையே போட்டுக்கொள்கிறது. ஒரு செல்லின் கோலத்தில் புள்ளிகள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும், இன்னொன்றில் சில மீட்டர். சின்ன ஸ்கேல், பெரிய ஸ்கேல் என்று வெவ்வேறு அளவில் கோடு போட்ட தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடப்பது மாதிரி. இவை கிரிட் செல்கள். ஓகீஃப்புக்கும் மோசர் இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

நடைக் கணக்கில் ஒரு தொல்லை, தப்பு கூடிக்கொண்டே போகும். அதனால் அவ்வப்போது திருத்த வேண்டும். சுவர், விளிம்பு பக்கத்தில் மட்டும் துடிக்கிற எல்லைச் செல்களும் அதே பகுதியில் இருக்கின்றன. எலி சுவரைத் தொட்டுவிட்டு வந்தால் கிரிட் செல்களின் பிசகு குறைகிறது. இருட்டில் வரப்பைக் காலால் தடவி "ஆ, இங்கே இருக்கோம்" என்று நாம் நடப்பதும் அதுவே. சொல்ல மறந்தேன், அல்சைமர் நோய் மனித மூளையில் முதலில் கை வைக்கும் பகுதிகளில் என்டோரைனல் புறணியும் ஒன்று. ஞாபகமறதி என்று வீட்டார் உணர்வதற்கு முன்பே சில பெரியவர்கள் பழகிய தெருவில் வழி தடுமாறுவது இதனால்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்கிற கணக்கு. யானைக்கு வேண்டியது அதற்கு மேல், இனி எங்கே போவது என்பது. 1994இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், எலி விழித்திருந்தபோது ஒன்றாகத் துடித்த இடச் செல்கள் அது தூங்கும்போதும் சேர்ந்தே துடிப்பதைப் பார்த்தார்கள். பகலில் நடந்த பாதை தூக்கத்தில் மறுபடி ஓடுகிறது. 2013இல் ஃபைஃபரும் ஃபோஸ்டரும் கண்டது இன்னும் வியப்பு. விழித்திருக்கும் எலி கிளம்புவதற்கு முன் ஒரு கணம் நிற்கும்போது, அது இனி போகப்போகும் பாதையில் உள்ள இடச் செல்கள் வரிசையாக, நொடியில் ஒரு சிறு பங்குக்குள் துடித்து முடிந்தன. பிறகு எலி அந்தப் பாதையில் நடந்தது. மனசுக்குள் ஒரு நடை போய்விட்டுத்தான் காலால் போகிறது.

சரி, யானை. காட்டு யானையின் ஹிப்போகேம்பஸில் கம்பி வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆகவே இடச் செல் இப்படித் துடிக்கிறது என்று யானையைப் பற்றி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் நடையை வைத்துத்தான் பேச முடியும். நமீபியாவின் எட்டோஷாவில் கழுத்துப்பட்டை மாட்டிய யானைகளின் தடத்தைப் பார்த்தால், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே தண்ணீரை நோக்கி நேராகத் திரும்புகின்றன, அதுவும் பெரும்பாலும் இருப்பதிலேயே பக்கத்தில் உள்ள குட்டையை நோக்கி. தான்சானியாவின் தரங்கிரியில் 1993இல் கடும் வறட்சி. வயதான பாட்டி யானைகள் இருந்த கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறித் தப்பின, இளம் தலைவியின் கீழ் அங்கேயே தங்கிய கூட்டத்தில் குட்டிகள் அதிகம் செத்தன. அந்தப் பாட்டிகள் 1958 முதல் 1961 வரை இருந்த பழைய வறட்சியைக் குட்டியாக இருந்தபோது பார்த்தவை என்பது ஆய்வாளர்களின் கருத்து.

உங்கள் ஊருக்கு வரும் கூட்டம் பன்னார்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்கி, நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு என்று பரவுகிறது. காட்டையும் ராகிக் கொல்லையையும் அவை தனித்தனியாக நினைப்பதில்லை. பத்து இருபது வருஷமாக அந்தப் பக்கமெல்லாம் நடந்த தலைவிக்கு அது முழுவதும் ஒரே மேப். வழக்கமான தடத்தில் அகழி வந்தால், வண்டி மாடாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். யானை, இலக்கு எங்கே என்று தெரிந்ததால் வேறு பக்கம் திரும்புகிறது. கூடவே மூக்கு. 2014இல் வந்த ஓர் ஆய்வின்படி ஆப்பிரிக்க யானைக்கு வாசனை உணரும் மரபணுக்கள் ஏறக்குறைய 2,000, நாய்க்கு இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ராகி பால் பிடித்த வாசம் காற்றில் வந்தால் திசை தானாகக் கிடைத்துவிடும். அதனால் எதையும் ஞாபகசக்தி என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். 1980களில் ஓசூர்க் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம் போய்த் தங்கிவிட்டது. அங்கே ஏறக்குறைய 200 வருஷமாக யானையே இல்லை. எந்தப் பாட்டியின் நினைவும் அங்கே வழிகாட்டியிருக்க முடியாது. மேப் தீர்ந்துபோகும் இடத்தில் யானை துணிந்து தேடவும் செய்கிறது.

மனிதனுக்கும் இதே இரட்டைக் கணக்குதான். லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் நகரின் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த ஓட்டுநர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரியது என்று எலினார் மக்வயர் 2000இல் காட்டினார். எல்லோரும் அதை மட்டும் சொல்வார்கள். 2006இல் அவர் அதே நகரின் பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். அதே டிராஃபிக், அதே மன அழுத்தம், ஆனால் ஒரே தடம். டாக்சிக்காரருக்கு இருந்த அந்த வளர்ச்சி பஸ்காரருக்கு இல்லை. தருமபுரி டவுனில் சந்து சந்தாக நுழையும் ஆட்டோக்காரரையும், ஒகேனக்கல் பஸ்ஸை இருபது வருஷமாக ஓட்டுபவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்தான், மூளையில் வேலை நடக்கும் இடம் வேறு.

புறாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. பந்தயப் புறாவின் ஹிப்போகேம்பஸைச் சேதப்படுத்தினாலும் தொலைவிலிருந்து வீட்டுத் திசையைச் சரியாகவே பிடிக்கிறது. சூரியனும் வாசனையும் அதற்குப் போதும். வீட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தடுமாறுகிறது. 2004இல் வந்த தடப் பதிவுகளில் சில புறாக்கள் நெடுஞ்சாலையின் மேலேயே பறந்து, சாலை பிரியும் இடத்தில் தாமும் திரும்பின. நம் கிருஷ்ணகிரிப் புறாவுக்கு இந்த விஷயத்தில் சாலைக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம், ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவாலின் உறவான எகிப்திய வௌவாலில், இடச் செல்கள் தரையில் மட்டும் இல்லாமல் உயரத்தையும் சேர்த்து முப்பரிமாணத்தில் துடிப்பதை இஸ்ரேலில் பார்த்திருக்கிறார்கள்.

பூனைக்கு வருகிறேன். திரும்பி வந்த பூனையைப் பற்றி ஊர் முழுக்கப் பேசும். வராமல் போன பூனையைப் பற்றி யார் பேசுவார்கள்? நம் தெருவில் பத்துப் பேர் சாக்கில் கட்டி விட்டு ஒன்றிரண்டுதான் திரும்பியிருந்தால்கூட, பூனைக்குத் தெய்வ சக்தி என்ற பேச்சு நிற்கும். மூன்று மைல் என்பது சாலைக் கணக்கு. குறுக்கே கொல்லைகள் வழியாகப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் ஒன்றரை மைல்கூட இருக்காது என்று நினைக்கிறேன். ஆண் பூனையாக இருந்தால் இரவில் அதில் பாதி தூரம் ஏற்கெனவே சுற்றிவந்திருக்கும். பழகிய வாசம், பழகிய நாய்க் குரைப்பு, மசூதி பாங்கு, ரைஸ்மில் சத்தம் இவற்றில் ஒன்று எட்டிவிட்டால் அதன் மேப்பின் ஓரத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று நாள் ஆனதே, அதில் இரண்டு நாள் அந்த ஓரத்தைத் தேடியதில் போயிருக்கும்.

இன்னும் தூரமாகக் கொண்டுபோய் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ராகியைத் தட்டிக் கொட்டாயில் சேர்த்த பிறகு எலி வரும்.